ஹாலுக்கு ஏவி ரிசீவர்: எத்தனை வாட், எந்த இணைப்பு, அட்மாஸ் தேவையா?

கேள்வியைச் சுருக்கித் தருகிறேன். ஹால் 12க்கு 18 அடி, சுமார் 10 அடி உயரத்தில் கான்கிரீட் கூரை. 55 இன்ச் டிவி, செட்டாப் பாக்ஸ், ஃபயர் ஸ்டிக், பையனுடைய பிஎஸ்5. வசனம் புரியவில்லை என்று சத்தத்தைக் கூட்டினால், அடுத்த நிமிடமே சண்டைக் காட்சி வந்து உள்ளறையில் படுத்திருக்கும் அப்பா எழுந்துவிடுகிறார். பழைய டிவிடி ஹோம் தியேட்டரின் ஸ்பீக்கர்கள் பரணில் இருக்கின்றன. மொத்தம் 80,000 ரூபாய் வரை செலவழிக்கலாம். எத்தனை வாட் ரிசீவர், அட்மாஸ் (தலைக்கு மேலிருந்தும் ஒலி வரும் டால்பி முறை) அவசியமா, எந்த மாடல்?

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஹாலுக்கு ஐந்து சேனல் ரிசீவர் போதும்; அதாவது ஒலியைப் பிரித்து ஐந்து ஸ்பீக்கர்களை ஓட்டி, பேஸை சப்வூஃபருக்கு அனுப்பும் பெட்டி. அதில் இ-ஆர்க் (டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ கேபிள் வழியாக ரிசீவருக்குக் கொண்டுவரும் வசதி) இருக்க வேண்டும். அறையை அளக்கும் மைக் கூடவே வர வேண்டும். 80,000இல் பாதிக்கு மேல் ரிசீவருக்குக் கொடுக்காதீர்கள். மீதியை ஒரு நல்ல சென்டர் ஸ்பீக்கர், முன்பக்கத்துக்கு இரண்டு புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர், ஒரு பவர்டு சப்வூஃபர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். பின்பக்க ஸ்பீக்கர்களை அடுத்த தீபாவளிக்குக்கூட வாங்கிக்கொள்ளலாம்.

நீங்கள் வாட்டையும் அட்மாஸையும் கேட்டிருந்தாலும், உங்கள் உண்மையான பிரச்சினை வசனம் புரியாததுதான். அதனால் நான் ஒவ்வொரு அம்சத்தையும் அந்த அளவுகோலில் வைத்தே பார்க்கிறேன்: இது வசனத்தைத் தெளிவாக்குமா, அப்பாவைத் தூங்கவிடுமா?

டிவியில் வசனம் ஏன் புரிவதில்லை? மெலிந்த டிவிகளில் ஸ்பீக்கர்கள் கீழ்ப்பக்கமோ பின்பக்கமோ பார்த்தபடி இருக்கின்றன. சத்தம் முதலில் சுவரிலோ டிவி ஸ்டாண்டிலோ மோதி, அப்புறம்தான் நம்மிடம் வருகிறது. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. 5.1 ஒலிக்கலவையில் (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) வசனத்தைப் பெரும்பாலும் சென்டர் சேனலில்தான் வைப்பார்கள். இசை, மழை, வண்டிச் சத்தம், கூட்டத்தின் இரைச்சல் எல்லாம் இடது, வலது, பின்பக்கச் சேனல்களில் பரவி நிற்கும். டிவியில் இருப்பதோ இரண்டு சேனல். அத்தனையையும் அந்த இரண்டுக்குள் திணிக்கும்போது, ஒரே ஸ்பீக்கருக்குள் வசனமும் பின்னணி இசையும் மோதிக்கொள்கின்றன. வால்யூமைக் கூட்டினால் இரண்டும் சேர்ந்தே கூடுகின்றன.

ரிசீவர் இங்கேதான் உதவுகிறது. சென்டர் சேனலைத் தனியாகப் பிரித்து, தனி ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. அந்தச் சேனலின் அளவை மட்டும் 2 அல்லது 3 டெசிபெல் கூட்டிவிட்டால், மொத்த வால்யூமைக் குறைத்துக்கொண்டே வசனத்தைக் கேட்க முடியும். இதற்காகவே சொல்கிறேன்: முதல் செலவு சென்டர் ஸ்பீக்கருக்கு. கடையில் பலரும் முன்பக்க டவர் ஸ்பீக்கர்களின் உயரத்தைப் பார்த்து மயங்கி, சென்டரைக் கடைசியில் ஏதோ ஒன்றாக எடுத்துவருகிறார்கள். உங்கள் வீட்டில் அது தலைகீழாக இருக்கட்டும். மூன்று முன்பக்க ஸ்பீக்கர்களும் ஒரே நிறுவனத்தின் ஒரே வரிசையாக இருந்தால், குரல் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் நகரும்போது அதன் தன்மை மாறாது. சென்டரை டிவிக்கு நேர் கீழே வையுங்கள். அதன் முகம் ஷெல்ஃபின் விளிம்புக்குச் சமமாக வரட்டும். உள்ளே தள்ளி வைத்தால் குரல் ஒரு பெட்டிக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகும். டிவி ஸ்டாண்ட் தாழ்வாக இருந்தால் முன்பக்கம் ஒரு சிறு ரப்பர் கட்டை கொடுத்து, ஸ்பீக்கர் உங்கள் காதை நோக்கி நிமிர்ந்திருக்கும்படி செய்யுங்கள்.

ஹாலையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். விட்ரிஃபைடு டைல்ஸ் தரை, வெறும் சுவர், கண்ணாடி ஜன்னல் என்றால் நடுவில் நின்று கைதட்டிப் பாருங்கள். தட்டியபின் ஒரு ரீங்காரம் தொங்கினால், அதே ரீங்காரம் ஒவ்வொரு சொல்லின் வாலிலும் ஒட்டிக்கொள்ளும். எந்த ரிசீவரின் அமைப்பும் அதை முழுதாகச் சரிசெய்யாது. சோபாவுக்கும் டிவிக்கும் நடுவில் ஒரு கனமான ஜமுக்காளம் அல்லது கார்பெட், ஜன்னலுக்குத் தடிமனான திரை, பக்கச் சுவரில் ஒரு புத்தக அலமாரி ஆகியவை இருந்தாலே வித்தியாசம் நன்றாகத் தெரியும். மின்விசிறியை முழு வேகத்தில் ஓடவிட்டுப் படம் பார்க்கிறோம் என்பதையும் மறக்கக்கூடாது. மெல்லிய குரல்கள் முதலில் தொலைவது அந்தக் காற்றுச் சத்தத்தில்தான்.

சரி, சவுண்ட்பார் வாங்கினால் என்ன? வாங்கலாம். வீட்டில் வயர் ஓட்டவே முடியாது, ஒரே பெட்டியில் முடிய வேண்டும் என்றால், சென்டர் சேனல் தனியாக உள்ள 3.1 சவுண்ட்பார் நியாயமான தேர்வு. ஆனால் அதில் ஒரு பாகம் கெட்டாலும் மொத்தத்தையும் மாற்ற வேண்டி வரலாம். ரிசீவரோடு வாங்கும் ஸ்பீக்கர்கள் பத்துப் பதினைந்து வருடம் நிற்கும்; நடுவில் ரிசீவரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். 80,000 கையில் இருக்கும்போது நான் ரிசீவர் பக்கமே நிற்பேன்.

பரணில் இருக்கும் பழைய ஸ்பீக்கர்களை இறக்க வேண்டாம். டிவிடி பிளேயரோடு ஒரே பெட்டியில் வந்த ஹோம் தியேட்டர் ஸ்பீக்கர்கள் பலவும் 3 அல்லது 4 ஓம் (ஓம் என்பது ஸ்பீக்கரின் மின்தடை அளவு). அவை அந்தப் பெட்டியின் ஆம்ப்ளிஃபயருக்கென்றே செய்தவை. இப்போதைய ரிசீவர்கள் பலவும் 6 ஓமோ அதற்கு மேலோ எதிர்பார்க்கின்றன. குறைந்த ஓம் ஸ்பீக்கரைப் போட்டு ஓட்டினால் ரிசீவர் சூடாகி, பாதுகாப்புக்காகத் தானே அணைந்துவிடலாம். ஸ்பீக்கரின் பின்புறம் ஓம் எவ்வளவு என்று அச்சிட்டிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். அந்த செட்டின் சப்வூஃபரிலும் சிக்கல் உண்டு. அது பெரும்பாலும் பேசிவ் சப், அதாவது உள்ளே ஆம்ப்ளிஃபயர் இல்லாதது. ரிசீவரின் பின்னால் சப்புக்கு இருப்பது ஒரு ஆர்சிஏ பின் மட்டுமே. அதில் சிக்னல்தான் வரும், ஸ்பீக்கரை ஓட்டும் சக்தி வராது. சொந்த ஆம்ப்ளிஃபயரும் மின் பிளக்கும் உள்ள பவர்டு சப்தான் வேண்டும்.

நம் ஊரில் இன்னொரு வழியும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். ரேடியோ, டிவி மெக்கானிக்குகள் 5200, 1943 டிரான்சிஸ்டர் போர்டுகளை வைத்து 5.1 ஆம்ப்ளிஃபயர் அசெம்பிள் செய்து தருகிறார்கள். டிடிஎஸ், டால்பி டீகோடர் போர்டும் சேர்த்துப் போடுவார்கள். கை தேர்ந்தவர் செய்ததென்றால் உழைக்கும்; கெட்டால் உள்ளூரிலேயே பழுதுபார்க்கலாம்; விலையும் குறைவு. பாட்டுக் கேட்க அது எனக்குப் பிடித்த வழி. படம் பார்க்க மூன்று விஷயங்கள் குறைகின்றன: சின்ன ஸ்பீக்கர்களின் பேஸை எடுத்து சப்புக்குத் திருப்பிவிடும் ஏற்பாடு, மைக்கால் அறையை அளக்கும் வசதி, ஒவ்வொரு ஸ்பீக்கரின் தூரத்துக்கேற்ப நேரத்தைச் சரிசெய்யும் வசதி. வசனத் தெளிவு இந்த மூன்றிலும் மாட்டிக்கொண்டிருப்பதால் உங்களுக்கு அதைப் பரிந்துரைக்கவில்லை.

இப்போது வாட்டுக்கு வருவோம். ஒரே ரிசீவருக்கு மூன்று வாட் எண்கள் இருக்கும். யமஹா ஆர்எக்ஸ்-வி385ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை, இரண்டு சேனல்களை ஓட்டி, 0.09 சதவீதச் சிதைவோடு அளந்தால் 6 ஓமில் 70 வாட். 1,000 ஹெர்ட்ஸில் ஒரே சேனலை ஓட்டி 0.9 சதவீதச் சிதைவை அனுமதித்தால் 100 வாட். 10 சதவீதச் சிதைவையும் ஏற்றுக்கொண்டால் 135 வாட். பெட்டி ஒன்றுதான், எண் மட்டும் மாறுகிறது. இரண்டு ரிசீவர்களை ஒப்பிடும்போது இரண்டுக்கும் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, இரண்டு சேனல் ஓட்டிய எண்ணையே எடுங்கள். எத்தனை ஓமில் அளந்தார்கள் என்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். கடைக்காரர் 1,000 வாட் என்று சொன்னால், அது எல்லாச் சேனல்களின் பெரிய எண்ணையும் கூட்டிச் சொன்னது.

உங்களுக்கு உண்மையில் எவ்வளவு வேண்டும்? ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டி 88 டெசிபெல் என்றால், 1 வாட் கொடுத்து 1 மீட்டரில் அளந்தால் 88 டெசிபெல் வரும். நீங்கள் சுமார் 10 அடி, அதாவது 3 மீட்டர் தள்ளி உட்காருவீர்கள். திறந்த வெளியென்றால் அந்தத் தூரத்தில் 9.5 டெசிபெல் குறைந்து 78.5 கிடைக்கும்; ஹாலின் சுவர்கள் கொஞ்சம் திருப்பித் தருவதால் உண்மையில் இதைவிட அதிகமே வரும். வீட்டில் படம் பார்க்க 70 டெசிபெல் சராசரி என்பதே தாராளம். அதற்கு 1 வாட்டில் ஏழில் ஒரு பங்கு போதும். வெடிச் சத்தம் அதைவிட 20 டெசிபெல் எகிறினாலும் தேவை 14 வாட்தான். அதோடு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள கனமான பேஸை சப்வூஃபரின் சொந்த ஆம்ப்ளிஃபயர் பார்த்துக்கொள்ளும். ஆக 70 வாட் ரிசீவர் உங்கள் ஹாலுக்குத் தேவைக்கு மேலேயே இருக்கிறது. 70 வாட்டிலிருந்து 100 வாட்டுக்குப் போனால் கூடுவது ஒன்றரை டெசிபெல். உற்றுக் கேட்டால்தான் தெரியும். ஆனால் 85 டெசிபெல் ஸ்பீக்கருக்குப் பதில் 88 டெசிபெல் ஸ்பீக்கர் வாங்கினால், அதே ரிசீவரின் வாட் இரட்டிப்பானதற்குச் சமம். பணத்தை ஸ்பீக்கரில் போடுங்கள் என்று நான் சொல்வதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

அதிகமாகத் தலைவலி தரும் பகுதி இணைப்பு. கடையில் யாரும் இதை உட்கார்ந்து விளக்குவதில்லை, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

முன்பெல்லாம் எல்லாப் பெட்டிகளையும் ரிசீவரில் செருகி, ரிசீவரிலிருந்து ஒரு கேபிளை டிவிக்குக் கொண்டுபோவார்கள். உங்கள் வீட்டுக்கு நான் மாற்றிச் சொல்கிறேன்: செட்டாப் பாக்ஸ், ஃபயர் ஸ்டிக், பிஎஸ்5 எல்லாம் நேராக டிவியில். டிவியிலிருந்து ஒரே ஒரு எச்டிஎம்ஐ கேபிள் ரிசீவருக்கு. அந்தக் கேபிள் வழியாக டிவியின் ஒலி ரிசீவருக்குத் திரும்பி வருவதுதான் ஆர்க். இப்படி வைத்தால் காலையில் அம்மா செய்தி பார்க்கவோ மாலையில் சீரியல் பார்க்கவோ ரிசீவரை ஆன் செய்ய வேண்டியதில்லை. டிவி ரிமோட்டை அழுத்தினால் டிவி ஸ்பீக்கரிலேயே ஓடும். வீட்டில் எல்லோரும் சிரமமில்லாமல் பயன்படுத்த முடிந்தால்தான் இந்த செட் அப் நிலைக்கும். இல்லையென்றால் இரண்டு மாதத்தில் ரிசீவர் மேல் துணி போர்த்திவிடுவார்கள்.

ஆர்க் 2009இல் எச்டிஎம்ஐ 1.4ஓடு வந்தது. அதில் டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் போன்ற சுருக்கிய ஒலி போகும். ஓடிடி தளங்கள் தரும் டால்பி டிஜிட்டல் பிளஸும் பெரும்பாலான டிவிகளில் போகும். ஆனால் சுருக்காத பல சேனல் பிசிஎம், புளூரேயில் வரும் டால்பி ட்ரூஎச்டி இரண்டும் போகாது. 2017இல் அறிவித்த எச்டிஎம்ஐ 2.1ஓடு வந்த இ-ஆர்க்கில் அவையும் போகும். உங்களுக்கு இது எங்கே உறைக்கும் என்றால் பிஎஸ்5இல். அது வழக்கமாகப் பல சேனல் பிசிஎம் அனுப்பும். டிவியும் ரிசீவரும் இரண்டுமே இ-ஆர்க் என்றால் ரிசீவருக்கு 5.1 அப்படியே வந்து சேரும். இரண்டில் ஒன்று வெறும் ஆர்க் என்றால் இரண்டு சேனலாகச் சுருங்கிவிடும். அப்போது பிஎஸ்5இன் ஒலி அமைப்பில் டால்பி டிஜிட்டலைத் தேர்ந்தெடுத்தால் 5.1 திரும்பக் கிடைக்கும்.

பிஎஸ்5ஐ டிவியில் நேராகச் செருகுவதில் இன்னொரு நன்மையும் உண்டு. 2020இல் வந்த முதல் எச்டிஎம்ஐ 2.1 ரிசீவர்கள் சிலவற்றில், ஒரு சிப்பின் கோளாறால் சில கேம் கன்சோல்களின் 4கே 120 ஹெர்ட்ஸ் படமே வராமல் போனது. படம் ரிசீவர் வழியாகப் போகாதபோது இந்த மாதிரிச் சிக்கல் எதுவும் உங்களைத் தொடாது. நாளைக்குப் படத்துக்குப் புதிதாக ஒரு தரம் வந்தாலும் ரிசீவரை மாற்ற வேண்டியதில்லை. ரிசீவரின் பெட்டியில் 8கே என்று பெரிதாகப் போட்டிருப்பதற்காக நீங்கள் பணம் கூடக் கொடுக்க வேண்டாம்.

கேபிள் செருகும்போது பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று: டிவியில் ஆர்க் அல்லது இ-ஆர்க் என்று எழுதிய ஒரு போர்ட் மட்டும்தான் வேலை செய்யும், ரிசீவரில் அது போய்ச் சேர வேண்டியது அவுட் என்று எழுதிய போர்ட்டில். ஒலி ரிசீவருக்குள்தானே வருகிறது என்று எண்ணி இன் போர்ட்டில் செருகினால் ஒரு சத்தமும் வராது. பழைய கேபிளைத் தேடி எடுக்காமல், அல்ட்ரா ஹை ஸ்பீடு என்று சான்று அச்சிட்ட கேபிள் ஒன்று வாங்கிவிடுங்கள். அடுத்து டிவி அமைப்பில் சிஇசியை ஆன் செய்யுங்கள்; சாம்சங் அதை எனிநெட் பிளஸ் என்கிறது, எல்ஜி சிம்ப்லிங்க் என்கிறது. அது ஆன் ஆனால் டிவி ரிமோட்டின் வால்யூம் பொத்தானே ரிசீவருக்கும் வேலை செய்யும். அதே அமைப்பில் டிஜிட்டல் ஒலி வெளியீடு பிசிஎம் என்றிருந்தால் பாஸ்த்ரூ அல்லது ஆட்டோ என்று மாற்றுங்கள். இதை மாற்றாமல் விட்டு, 5.1 செட் வாங்கிய பிறகும் ஸ்டீரியோவிலேயே படம் பார்த்துக்கொண்டிருக்கும் வீடுகள் நிறைய.

பென் டிரைவில் படம் பார்க்கும் பழக்கம் இருந்தால் ஒரு எச்சரிக்கை. சாம்சங் 2018 மாடல்களிலிருந்து தன் டிவிகளில் டிடிஎஸ் ஆதரவை எடுத்துவிட்டது. டிடிஎஸ் ஒலி உள்ள கோப்பை அந்த டிவியின் யூஎஸ்பியில் போட்டால் படம் ஓடும், சத்தம் வராது. அதற்குத் தனியாக ஒரு மீடியா பிளேயரை ரிசீவரின் எச்டிஎம்ஐ இன்னில் நேராகச் செருக வேண்டும்.

அட்மாஸ் அவசியமா? உங்கள் கேள்விக்கு நேர் பதில், இப்போதைக்கு இல்லை. ஓடிடியில் வரும் அட்மாஸ், டால்பி டிஜிட்டல் பிளஸுக்குள் பொதிந்து வருகிறது. அட்மாஸ் இல்லாத ரிசீவர் அதே படத்தை 5.1 ஆக ஓட்டும். எந்த ஒலியும் தொலைந்துபோகாது, தலைக்கு மேலே கேட்க வேண்டியது காது மட்டத்தில் கேட்கும். வசனம் அப்போதும் சென்டரில்தான். உங்கள் கூரை தட்டையான கான்கிரீட், 10 அடி உயரம் என்பதால், ஒலியைக் கூரையில் மோதித் திருப்பும் மேல்நோக்கு ஸ்பீக்கர்கள் நன்றாகவே வேலை செய்யும். ஓட்டு வீட்டிலும் சாய்வான கூரையிலும் அந்த வகை எடுபடாது. எனவே ஆசை இருந்தால் பின்னால் செய்துகொள்ளலாம். ஆனால் 5.1.2 (5.1ஓடு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்) வைக்க ஏழு சேனல் ரிசீவரும் கூடுதலாக இரண்டு ஸ்பீக்கரும் வேண்டும். அந்தப் பணத்தைச் சென்டரிலிருந்தும் சப்பிலிருந்தும் எடுத்தால், மேலே ஹெலிகாப்டர் பறக்கும். கீழே பேசுவது புரியாது.

அதே அளவு கவனம் அறை அளவீட்டுக்கும் வேண்டும். யமஹாவில் வைபிஏஓ, டெனானின் பல மாடல்களில் ஆடிசி என்று பெயர் மாறும். மைக்கைச் செருகினால் ஒவ்வொரு ஸ்பீக்கரிலிருந்தும் ஒலியெழுப்பி, தூரத்தையும் அளவையும் ரிசீவரே கணக்கிட்டுக்கொள்ளும். அளக்கும்போது மின்விசிறியை நிறுத்துங்கள், ஜன்னலைச் சாத்துங்கள், குக்கர் விசில் வராத நேரமாகப் பாருங்கள். மைக்கைக் கையில் பிடிக்காமல், உட்கார்ந்தால் காது வரும் உயரத்தில் ஒரு கேமரா ஸ்டாண்டில் வையுங்கள். அளந்து முடிந்ததும் மெனுவுக்குள் போய் ஒன்றை மட்டும் சரிபாருங்கள்: ஸ்பீக்கர் அளவு லார்ஜ் என்று போட்டிருந்தால் ஸ்மால் என்று மாற்றி, கிராஸ்ஓவரை (எந்த அளவுக்குக் கீழே உள்ள பேஸ் சப்புக்குப் போக வேண்டும் என்ற எல்லை) 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். சென்டர் ரொம்பச் சின்னதென்றால் 100. ஸ்மால் என்ற சொல்லைப் பார்த்துத் தயங்க வேண்டாம். கனமான பேஸைச் சுமக்கும் வேலை சப்புக்குப் போனதும், சென்டரில் குரல் திணறாமல் வரும்.

சப் 10 இன்ச் போதும். அதன் இடம் முக்கியம். சப்பைத் தற்காலிகமாக நீங்கள் உட்காரும் இடத்திலேயே வைத்து ஒரு பேஸ் பாட்டை ஓடவிட்டு, சப் வைக்க முடிகிற மூலைகளில் எல்லாம் குனிந்து கேட்டுப் பாருங்கள். எங்கே பேஸ் சீராகக் கேட்கிறதோ அங்கே சப்பைக் கொண்டுபோய் வையுங்கள். அடுக்குமாடி என்றால் அடியில் தடிமனான ஃபோம் ஒன்று கொடுங்கள்.

அப்பாவின் தூக்கத்துக்கு ரிசீவரில் ஒரு அமைப்பு இருக்கிறது. நைட் மோட், டிஆர்சி, டைனமிக் வால்யூம் என்று நிறுவனத்துக்கு நிறுவனம் பெயர் மாறும். மெல்லிய ஒலியைக் கூட்டி, உரத்த ஒலியை அடக்கும். வாங்கும் மாடலில் இது இருக்கிறதா என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் இரவு 9 மணிக்கு மேல் தினமும் பயன்படும். ரிசீவரின் வால்யூம் பல நேரம் மைனஸ் எண்ணாகக் காட்டும், பயப்பட வேண்டாம். அளவீடு முடிந்த ரிசீவரில் 0 என்பது தியேட்டர் அளவு, ஒரு ஸ்பீக்கரில் உச்சம் 105 டெசிபெல். மைனஸ் 30 என்றால் அந்த உச்சம் 75தான். இரவில் அதுவே போதும்.

மாடல்கள். ஐந்து சேனலில் டெனான் ஏவிஆர்-எக்ஸ்580பிடி உங்கள் தேவைக்கு மிக அருகில் வருகிறது: இ-ஆர்க் உண்டு, மைக் உண்டு, ப்ளூடூத் உண்டு, அட்மாஸும் வைஃபையும் இல்லை. ஓடிடி எல்லாம் டிவியிலும் ஃபயர் ஸ்டிக்கிலும் இருக்கும்போது ரிசீவரில் வைஃபை இல்லாதது ஒரு குறையே இல்லை. யமஹா ஆர்எக்ஸ்-வி385, சோனி எஸ்டிஆர்-டிஎச்590 இரண்டும் பழைய மாடல்கள், வெறும் ஆர்க். நல்ல விலைக்குக் கிடைத்து, பிஎஸ்5இல் டால்பி டிஜிட்டல் வைத்துக்கொள்ளச் சம்மதம் என்றால் யமஹாவை எடுக்கலாம். வசனத்தின் அளவைத் தனியாகக் கூட்டும் வசதி அதில் இருக்கிறது. அட்மாஸ் கண்டிப்பாக வேண்டும் என்றால் ஏழு சேனல் டெனான் ஏவிஆர்-எக்ஸ்1800எச். ஆனால் பட்ஜெட்டை உயர்த்திய பிறகே.

வெளிநாட்டிலிருந்து உறவினர் வரும்போது கொண்டுவரச் சொல்லலாமா என்று யோசித்தால், பின்புறத் தகட்டைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அமெரிக்க மாடல் 120 வோல்ட். நம் 230இல் நேராகச் செருகினால் அதோடு முடிந்தது. வாரண்டியும் இங்கே செல்லாமல் போகலாம். இந்தியாவில் பில்லோடு வாங்குவதே நிம்மதி.

வைக்கும் இடம் மூடிய ஷோகேஸாக இருக்கக் கூடாது. மேலே அரையடியாவது காற்றோட்டம் விடுங்கள். செட்டாப் பாக்ஸை அதன் தலையில் அடுக்காதீர்கள். இடி மின்னல் நேரத்தில் மின் பிளக்கோடு டிஷ் அல்லது கேபிள் வயரையும் கழற்றுங்கள். எச்டிஎம்ஐ போர்ட்டுகள் போவது பல நேரம் அந்த வயர் வழியாக வரும் மின்னழுத்தத்தால்தான்; ஸ்பைக் கார்ட் அந்தப் பக்கத்தைக் காப்பதில்லை. ஸ்பீக்கர் வயருக்கு விலை உயர்ந்த பிராண்டு தேவையில்லை. எலக்ட்ரிகல் கடையில் கிடைக்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் சுத்தச் செம்பு வயர் தாராளம். அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு போட்டதை மட்டும் தவிருங்கள். பிளஸ், மைனஸ் இரண்டு முனையிலும் மாறாமல் பாருங்கள். சென்டரோடு ஒப்பிட ஒரு பக்கம் மட்டும் மாறிப்போனால் குரல் நடுவில் நிற்காமல் கலைந்துவிடும். பின்பக்க ஸ்பீக்கர்களுக்கான வயரையும் இப்போதே சுவரோரக் கேசிங்கில் போட்டுவிடுங்கள். அவை உங்களுக்கு நேர் பின்னால் வேண்டாம். இருபக்கமும், காதுக்குச் சற்றே பின்னால், உட்கார்ந்தால் தலைக்கு ஓரடி மேலே.

கடைக்குப் போகும்போது ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டில் புரியாமல் போன காட்சி எது என்று குறித்துவைத்துக்கொண்டு, அதையே அங்கே போடச் சொல்லுங்கள். அவர்கள் வெடிச் சத்தம் வைத்துத்தான் காட்ட விரும்புவார்கள், பொறுமையாகக் கேட்டுவிட்டு உங்கள் காட்சிக்கு வாருங்கள். வால்யூமை நன்றாகக் குறைக்கச் சொல்லி, நீங்கள் வாங்கப்போகும் அதே சென்டர் ஸ்பீக்கரில், பத்தடி தள்ளி உட்கார்ந்து கேளுங்கள். அந்தக் குறைந்த சத்தத்திலும் ஒவ்வொரு சொல்லும் பிரிந்து கேட்டால் பில் போடச் சொல்லுங்கள். இல்லையென்றால் ரிசீவரை மாற்றச் சொல்லாமல், முதலில் சென்டர் ஸ்பீக்கரை மாற்றிப் போடச் சொல்லுங்கள்.